பத்திரம் வேறு, பாத்தியதை வேறு

"எலி வளையானாலும் தனி வளை வேண்டும்" என்று நமது முன்னோர் சொல்லி வைத்தார்கள். அந்த ஆசையைக் குற்றமென்று கூற நாம் முன்வரவில்லை. வாடகை வீட்டில் வாழ்நாளைக் கழித்த குமாஸ்தா, ஓய்வுபெறும் வயதை எட்டிய பாடசாலை ஆசிரியர், கடல் கடந்து வளைகுடா நாட்டில் வெயிலில் வெந்து பணம் அனுப்பும் தொழிலாளி ஆகிய எவரும் தமக்கென்று அரை கிரவுண்டு மனையேனும் வேண்டுமென விரும்புவது இயல்பே. ஆனால் அந்த ஆசையையே முதலாகக் கொண்டு வியாபாரம் நடத்துவோர் இன்று நாடெங்கும் பெருகியிருக்கின்றனர். நெடுஞ்சாலையின் இருபுறமும் வண்ணக் கொடிகள் பறக்கின்றன. ஞாயிற்றுக்கிழமைதோறும் இலவச வாகனம் வருகிறது. மதியச் சாப்பாடு கிடைக்கிறது. அன்றே முன்பணம் கட்டுவோருக்குத் தங்கக் காசும் உண்டு என்கிறார்கள். இவ்வளவு உபசாரம் செய்து ஒரு பொருளை விற்பவன், அப்பொருளின் குறையையும் சேர்த்துச் சொல்வான் என்று எதிர்பார்ப்பது பேதைமை.

புதிதாக மனை வாங்குவோரை வதைக்கும் பயம் பெரும்பாலும் விலையைப் பற்றியதாகவே இருக்கிறது. "இன்று வாங்காவிட்டால் நாளை ஏறிவிடுமே" என்பதே அவர்களுடைய கவலை. இக்கவலை இடம் தவறியது என்பது நமது அபிப்பிராயம். நிலத்தில் போட்ட பணம் விலை இறங்கியதால் அழிந்ததைவிட, பாத்தியதை சரியில்லாமற் போனதால் அழிந்ததே நாம் அதிகமாகக் காண்பது. பத்திரம் பதிவாகிவிட்டால் நிலம் தம்முடையதாகிவிட்டது என்று நமது ஜனங்கள் நம்புகிறார்கள். அந்த நம்பிக்கை தவறு. பத்திரம் வேறு, பாத்தியதை வேறு. இந்த ஒரு வாக்கியத்தை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஒரு குடும்பத்தின் கதையை எடுத்துக் கொள்வோம். ஊரையும் பேரையும் குறிக்கவில்லை. ஏனெனில் இது பல ஊர்களில் நடந்த கதை. ஓர் ஆரம்பப் பாடசாலை ஆசிரியர் தமது சேமிப்பு முழுவதையும் மனைவியின் நகையை விற்ற பணத்தையும் சேர்த்து, 2012-ம் வருஷத்தில் நகருக்கு வெளியே 1,200 சதுர அடி மனை வாங்கினார். விற்றவர் நிலத்தின் சொந்தக்காரரல்லர். சொந்தக்காரரிடம் பொது அதிகாரப் பத்திரம் பெற்ற ஏஜெண்டு. நகரமைப்பு அங்கீகாரத்துக்கு மனுப் போட்டிருப்பதாகவும், இன்னும் 3 மாதத்தில் வந்துவிடுமென்றும் அவர் கூறினார். வில்லங்கச் சான்று பார்க்கப்பட்டது, அதில் ஒன்றுமில்லை. முத்திரைத் தீர்வை கட்டிப் பத்திரமும் பதிவாயிற்று. நாலு வருஷம் கழித்து அஸ்திவாரம் தோண்டப் போன அன்று ஓர் அம்மாள் வந்து மறித்தார். "இது எங்கள் பாட்டன் சொத்து. எனக்கும் பங்குண்டு. நான் எந்தப் பத்திரத்திலும் கையெழுத்திடவில்லை" என்றார். பஞ்சாயத்து அலுவலகத்தில் விசாரித்தால், அங்கீகாரமில்லாத மனைக்கு வீடு கட்ட அநுமதி தருவதற்கில்லை என்றார்கள். பத்திரம் பீரோவில் இருக்கிறது. மனை கோர்ட்டில் இருக்கிறது. ஆசிரியர் இன்னும் வாடகை வீட்டில்தான் இருக்கிறார்.

இந்த மனிதர் செய்த தவறு என்ன? சர்க்கார் ஆபீசில், சர்க்கார் உத்தியோகஸ்தர் முன்னிலையில், சர்க்கார் முத்திரையுடன் நடந்த காரியத்தைச் சர்க்கார் ஒப்புக்கொண்ட காரியம் என்று நம்பியதே அவருடைய தவறு. 1908-ம் வருஷத்துப் பதிவுச் சட்டத்தின்படி பதிவாவது பத்திரமே தவிர பாத்தியதை அன்று. இன்னார் இன்னாருக்கு இன்ன சொத்தை விற்றதாக எழுதிக் கொடுத்தார் என்பதற்குப் பதிவு சாட்சி. எழுதிக் கொடுத்தவருக்கு விற்க உரிமை இருந்ததா என்பதற்கு அது சாட்சியாகாது. பதிவதிகாரி நியாயாதிபதி அல்லர். தம்மிடம் இல்லாத உரிமையை ஒருவர் பிறருக்கு விற்க முடியாது. அவர் நூறு பத்திரம் எழுதிப் பதிந்தாலும் முடியாது.

அப்படியானால் பட்டா இருக்கிறதே என்பார்கள் சிலர். பட்டா எதற்காக ஏற்பட்டது என்பதைச் சற்றே நினைவுகூர வேண்டும். 1820 முதல் 1827 வரையில் சென்னைக் கவர்னராயிருந்த தாமஸ் மன்றோ நிலைநாட்டிய ரயத்துவாரி முறையில், நிலவரியை யாரிடம் வசூலிப்பது என்று தெரிந்துகொள்ளவே பட்டாக் கணக்கு பயன்பட்டது. அது வரிக் கணக்கு. பட்டா மட்டும் உடைமைக்கு முடிவான அத்தாட்சியாகாது என்று கோர்ட்டுகள் பலமுறை தீர்ப்புக் கூறியிருக்கின்றன. ஆக, ரெவினியூ இலாகா ஒரு கணக்கு வைத்திருக்கிறது. பதிவு இலாகா மற்றொரு கணக்கு வைத்திருக்கிறது. "இந்த நிலம் யாருடையது?" என்ற நேர்க் கேள்விக்குப் பொறுப்பேற்றுப் பதில் சொல்லும் கணக்கு இரண்டில் ஒன்றுகூட இல்லை. அந்நிய ஆட்சி தன் வசூலுக்காக வகுத்த ஏற்பாடு, சுயராஜ்யம் பெற்று முக்கால் நூற்றாண்டு கழிந்த பின்பும் பிரஜைகளின் தலையில் சுமையாக இருந்து வருகிறது.

வில்லங்கச் சான்றின் எல்லையையும் அறிய வேண்டும். பதிவான பத்திரங்களையே அது காட்டும். பதிவாகாத உயில், வாய்மொழியாக நடந்த பாகப்பிரிவினை, குத்தகைதாரரின் அநுபோகம் ஆகியவை அதில் வாரா. மூலப் பத்திரத்தைக் கடன் கொடுத்தவரிடம் வைத்துப் பணம் வாங்கியிருந்தால், அதற்கென்று எழுத்து மூலம் ஒன்றும் பதிவாகாத வரையில் அதுவும் வராது. கோர்ட்டில் நடக்கும் வழக்கும் பல சமயங்களில் அதில் தென்படுவதில்லை. வழக்கு நடக்கும்போது சொத்தை வாங்கியவர் தீர்ப்புக்குக் கட்டுப்பட்டவர் என்பது 1882-ம் வருஷத்துச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 52-வது பிரிவு. "எனக்குத் தெரியாது" என்ற சமாதானம் அங்கே செல்லாது.

இனி, புதியவர்கள் சறுக்கி விழும் இடங்களை ஒவ்வொன்றாகக் கூறுவோம்.

முதலாவது, அதிகாரப் பத்திரம். முத்திரைச் செலவை மிச்சம் பிடிக்கலாமென்று, கிரயப் பத்திரம் எழுதாமல் ஒப்பந்தமும் பொது அதிகாரப் பத்திரமும் மாத்திரம் பெற்றுக்கொண்டு "வாங்கிவிட்டோம்" என்று இருப்பவர்கள் உண்டு. இவ்வகைப் பத்திரங்களால் உடைமை மாறாதென்று சுப்ரீம் கோர்ட்டு 2011 அக்டோபரில் சூரஜ் லாம்ப் வழக்கில் தெளிவாகச் சொல்லிவிட்டது. ஏஜெண்டு மூலம் முறைப்படி கிரயம் பெறுவது வேறு விஷயம், அது செல்லும். ஆனால் அதிகாரம் கொடுத்தவர் இறந்துவிட்டால் பொதுவாக அந்த அதிகாரமும் அவருடன் இறந்துபோகும். ஆகவே ஏஜெண்டைப் பார்த்தால் போதாது. சொந்தக்காரரை நேரில் பார்த்துப் பேச வேண்டும்.

இரண்டாவது, பெண்களின் பங்கு. பிதிரார்ஜித சொத்தில் விவாகமாகாத பெண்களுக்கு ஆண்களைப்போலவே சமபங்கு உண்டென்று தமிழ்நாட்டில் 1989-லேயே சட்டம் வந்தது. 2005-ல் மத்திய சட்டத் திருத்தம் எல்லாப் பெண்களுக்கும் அவ்வுரிமையை விரித்தது. தகப்பனார் அச்சமயம் உயிருடன் இருந்தாரா என்பது கேள்வியன்று, பிறப்பினாலேயே உரிமை வருகிறதென்று 2020 ஆகஸ்டில் சுப்ரீம் கோர்ட்டு தீர்த்தது. 2004 டிசம்பர் 20-க்கு முன் முறையாக நடந்த விற்பனைகளை அத்திருத்தம் கலைப்பதில்லை. ஆயினும் இன்றைக்கும் அண்ணன் தம்பிகள் மாத்திரம் கையெழுத்திட்டு விற்பதைக் காண்கிறோம். சகோதரிகளின் கையெழுத்தைக் கேட்டு வாங்குவது வாங்குபவருக்குப் பாதுகாப்பு. அதைவிட மேலாக, அது நியாயம்.

மூன்றாவது, விற்கக் கூடாத நிலம். செங்கற்பட்டுக் கலெக்டராயிருந்த டிரெமென்ஹீர் 1891-ல் எழுதிய அறிக்கையின் பயனாக, 1892-ல் தாழ்த்தப்பட்ட மக்களுக்கென்று நிலம் ஒதுக்கப்பட்டது. இதையே பஞ்சமி நிலம் என்கிறோம். குறிப்பிட்ட காலத்துக்குப் பிறகும் அம்மக்களுக்குள்ளேயன்றிப் பிறருக்கு அதை விற்கக் கூடாதென்பது நிபந்தனை. கோயில் நிலத்தை 1959-ம் வருஷத்து இந்து அறநிலையச் சட்டப்படி கமிஷனரின் அநுமதியின்றி விற்க முடியாது. வினோபா பாவே 1951-ல் தொடங்கிய இயக்கத்தில் தானமாக வந்த பூதான நிலமும் வியாபாரச் சரக்கல்ல. ஏரி, குளம், வாய்க்கால், மேய்ச்சல் புறம்போக்கு ஆகியவை ஊர்ச் சொத்து. இவற்றையெல்லாம் கூறு போட்டு விற்றவர்கள் இருக்கிறார்கள். மலிவென்று வாங்கியவர்களும் இருக்கிறார்கள். இங்கே வாங்குபவர் தமது பணத்தை மட்டும் இழப்பதில்லை. ஓர் ஏழையின் உரிமையையோ, ஓர் ஊரின் தண்ணீரையோ அபகரித்த பாவத்திலும் பங்காளியாகிறார்.

நாலாவது, அங்கீகாரம். அங்கீகாரமற்ற மனைப் பிரிவுகளைப் பதிவு செய்யலாகாதென்று சென்னை ஹைகோர்ட்டு 2016 செப்டம்பரில் தடை விதித்தது நேயர்களுக்கு நினைவிருக்கும். லட்சக்கணக்கான சிறு மனைதாரர்கள் அன்று திகைத்து நின்றார்கள். 2016 அக்டோபர் 20-ந் தேதிக்கு முன் ஏற்பட்ட மனைகளை வரன்முறைப்படுத்த 2017 மே மாதத்தில் சர்க்கார் விதிகள் வகுத்தனர். முன்பே மனையாகப் பதிவானதைத் தவிர, அங்கீகாரமில்லாத புதுமனை எதையும் பதிவு செய்யச் சட்டம் இடங்கொடாது. அங்கீகாரம் என்பது வெறும் காகிதச் சடங்கென்று நினைப்போர், 2015 டிசம்பரில் சென்னையும் அதன் சுற்றுப்புறமும் வெள்ளத்தில் மிதந்த நாட்களை எண்ணிப் பார்க்க வேண்டும். கோடையில் காய்ந்து கிடக்கும் தாழ்நிலம் மனைபோலத்தான் தோன்றும். அது ஏரியா, மேடா என்பதை ஐப்பசி கார்த்திகையில் போய்ப் பார்த்தவனே அறிவான்.

ஐந்தாவது, கட்டாத வீட்டுக்குக் கட்டும் பணம். 2016-ம் வருஷத்து ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் சாமானியருக்கு ஓரளவு அரணாக வந்திருக்கிறது. 500 சதுர மீட்டருக்கு மிகாத நிலமோ, 8-க்கு மிகாத வீடுகளோ கொண்ட சிறு திட்டங்கள் நீங்கலாக, மற்றவை ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவாகாமல் விளம்பரம் செய்யவும் கூடாது. ஒப்பந்தம் எழுதிப் பதியுமுன் கிரயத் தொகையில் 10 சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது. வாங்கும் பணத்தில் 70 சதவீதத்தைத் தனிக் கணக்கில் வைத்து, நிலத்துக்கும் கட்டட வேலைக்குமே செலவிட வேண்டும். விளம்பரத்தில் ஆணையத்தின் பதிவெண் இருக்கிறதா என்று பார்ப்பதற்குக் காலணாச் செலவில்லை. பார்ப்பவர் எத்தனை பேர்?

ஆறாவது, நிலத்தையே காட்டாமல் நிலத்தின் பேரால் வசூலிப்பது. விவசாய நிலம் வாங்கித் தருவதாகச் சொல்லி நாடு முழுவதும் தவணைப் பணம் திரட்டிய பி.ஏ.சி.எல். கம்பெனி சுமார் 5.85 கோடி பேரிடம் வசூலித்த 49,100 கோடி ரூபாயைத் திருப்பித் தரவேண்டுமென்று, பங்குச் சந்தை ஒழுங்குமுறை வாரியமான 'செபி' 2014 ஆகஸ்டில் உத்தரவிட்டது. சொத்துக்களை விற்றுப் பணத்தைத் திருப்பிக் கொடுப்பதற்காக 2016-ல் சுப்ரீம் கோர்ட்டு நீதிபதி லோதாவின் தலைமையில் ஒரு கமிட்டியை அமைக்கச் செய்தது. தம் கண்ணால் பாராத, சர்வே நம்பர் தெரியாத நிலத்துக்குப் பணம் கட்டியவர்கள் பெரும்பாலும் பணக்காரர்களல்லர் என்பதே இதில் நெஞ்சைச் சுடும் விஷயம்.

பாத்தியதை சரியாகவே இருந்தாலும் கணக்குச் சரியாக இருக்க வேண்டும். "ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு" என்பது வீண்மொழியன்று. 20 லட்ச ரூபாய்க்கு ஒரு மனை வாங்கி, 10 வருஷம் கழித்து 40 லட்சத்துக்கு விற்றவர் "இரட்டிப்பு லாபம்" என்று மீசையை முறுக்குகிறார். முத்திரைத் தீர்வை 7 சதவீதமும் பதிவுக் கட்டணம் 2 சதவீதமும் சேர்ந்து 1,80,000 ரூபாய் முதலிலேயே போய்விட்டது. தரகு இரு தடவையும் 2 சதவீதம் என்று வைத்தால் 1,20,000 ரூபாய். இவற்றைக் கழித்துக் கூட்டு வட்டி போட்டுப் பார்த்தால், கிடைத்தது ஆண்டுக்கு 6 சதவீதத்துக்கும் குறைவு. வேலி போட்ட செலவையும் வருமான வரியையும் நாம் இன்னும் கணக்கில் சேர்க்கவில்லை. கடன் வாங்கி வாங்கியவர் பாடு இதைவிட மோசம். 30 லட்ச ரூபாய்க் கடனை 9 சதவீத வட்டியில் 20 வருஷத்தில் அடைப்பவர் மாதம் சுமார் 27,000 ரூபாய் கட்டி, முடிவில் ஏறக்குறைய 65 லட்சம் கொடுத்திருப்பார். குடியிருக்கும் வீட்டுக்கு இதைத் தாங்கலாம், வாடகை மிச்சமாகிறது. புல் முளைத்துக் கிடக்கும் மனைக்கு இதைத் தாங்குவது எப்படி? வீட்டில் ஒருவர் நோயில் விழுந்தால் பாங்கியிலுள்ள பணம் மறுநாளே கைக்கு வரும். மனை வராது. அவசரத்துக்கு விற்பவன் முகத்தைப் பார்த்தே தரகன் விலையைக் குறைப்பான்.

ஆகவே, புதிதாக வாங்குவோருக்கு நாம் கூறும் யோசனை சுருக்கமானது. மூலப் பத்திரத்திலிருந்து இன்றுவரை குறைந்தது 30 வருஷத்துச் சங்கிலி அறாமல் இருக்கிறதா என்று, விற்பவர் காட்டும் வக்கீலிடமன்றி, தாமே அமர்த்திய வக்கீலிடம் காட்டி எழுத்து மூலம் அபிப்பிராயம் பெற வேண்டும். அசல் பத்திரங்களைக் கண்ணால் காண வேண்டும். நகலைக் கண்டு திருப்தியடையலாகாது. பட்டா, சிட்டா, 'அ' பதிவேடு, புல வரைபடம் ஆகியவற்றை ஒத்துப் பார்த்து, சர்வேயரைக் கொண்டு நிலத்தை அளக்க வேண்டும். அக்கம்பக்கத்தாரிடமும் ஊர்ப் பெரியவரிடமும் அரைமணி நேரம் பேச வேண்டும். எந்தச் சான்றிலும் வராத செய்தி அங்கே வரும். பணத்தைப் பாங்கி மூலமே கொடுக்க வேண்டும். பதிவானதும் பட்டாவைத் தமது பேருக்கு மாற்றி, எல்லைக்கல் நட்டு, அடிக்கடி போய்ப் பார்த்துவர வேண்டும். "இன்று மாலைக்குள் முன்பணம் கட்டினால்தான்" என்று எவன் அவசரப்படுத்துகிறானோ, அவனிடமிருந்து அன்று மாலையே விலகிவிட வேண்டும். இத்தனைக்கும் பொறுமையில்லாதவருக்கு மனை வாங்கும் யோக்கியதை இல்லை என்று கண்டிப்பாகவே சொல்வோம்.

ஆனால் ஜாக்கிரதையை மட்டும் உபதேசித்துவிட்டு ஓய்வது பத்திரிகையின் தர்மமாகாது. 20 லட்ச ரூபாய்க் கிரயத்தில் 1,80,000 ரூபாயைப் பெற்றுக்கொள்ளும் சர்க்கார், "இந்த மனை உன்னுடையதுதான்" என்று ஒரு வார்த்தை உறுதி கூற மறுப்பது எந்த நியாயத்தைச் சேர்ந்தது? தென் ஆஸ்திரேலியாவில் 1858-லேயே ராபர்ட் டாரன்ஸ் என்பவர் கொண்டுவந்த முறையில், சர்க்கார் புத்தகத்தில் எவர் பெயர் இருக்கிறதோ அவரே உடையவர். பிழை நேர்ந்தால் நஷ்டஈடு கொடுக்கவும் ஏற்பாடு உண்டு. அந்தத் திசையில் செல்வதாகச் சொல்லித்தான் மத்திய சர்க்கார் 2008-ல் நில ஆவண நவீனத் திட்டத்தைத் தொடங்கினர். ராஜஸ்தான் ராஜ்யம் 2016-ல் நகர நிலங்களுக்குப் பாத்தியதைச் சான்று வழங்கச் சட்டம் இயற்றியது. தமிழ்நாட்டில் ஆவணங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றியாகிவிட்டது. வில்லங்கச் சான்றை வீட்டிலிருந்தே பார்க்கலாம். நல்லதே. ஆனால் தவறான கணக்கைக் கம்ப்யூட்டரில் ஏற்றினால் அது வேகமாகக் கிடைக்கும் தவறான கணக்காகுமே தவிர, சரியான கணக்காகாது. நிலத்தை மறுபடி அளந்து, இரு இலாகாக் கணக்கையும் ஒன்றாக்கி, முடிவான பாத்தியதைக்குச் சர்க்கார் பொறுப்பேற்கும் நாள் வரவேண்டும். ஏழைகளின் நிலம் அந்த வேலையில் வலியவர் பேருக்கு மாறிவிடாமல் காக்கவும் வேண்டும்.

அந்த நாள் வரும்வரையில் தேச ஊழியர்களுக்கு ஒரு வேலை காத்திருக்கிறது. தேர்தல் சமயத்தில் வீடு வீடாக ஏறி இறங்கும் தொண்டர்கள், ஊருக்கு ஒருவராவது பட்டாவையும் வில்லங்கச் சான்றையும் வாசிக்கக் கற்றுக்கொள்ளட்டும். எங்கள் ஊரில் ஏரி எது, பஞ்சமி நிலம் எது, கோயில் நிலம் எது என்று சர்வே நம்பருடன் எழுதி வாசகசாலைச் சுவரில் ஒட்டட்டும். ஞாயிற்றுக்கிழமை வாகனத்தில் ஏறப்போகும் நெசவாளியையும் ஆசிரியரையும் தடுத்து நிறுத்தி, "ஒரு வாரம் பொறுங்கள், தாள்களை நாங்கள் பார்த்துச் சொல்கிறோம்" என்று சொல்லட்டும். அப்படி ஒருவர் அன்று இருந்திருந்தால், நமது ஆசிரியர் இன்று தமது வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருப்பார்.